தாடிக்காரர் வருகிறார்: குட்டித் தீவுகளுக்கு ஒரு தற்காப்புக் கையேடு

முதலில், பதறாதீர்கள். பதறுவதுபோல் நடியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் உங்கள் தீவின் அடுத்த ஆண்டு பட்ஜெட் இருக்கிறது.

பிரிட்டிஷ் மகுடத்தின் கீழ் உள்ள ஒரு குட்டித் தீவுக்கு நீங்கள் நிதியமைச்சர் என்று வைத்துக்கொள்வோம். தீவு கரீபியன் கடலில் இருக்கலாம். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் இருக்கலாம். ஜனத்தொகை நம்மூர் நகராட்சி அளவுதான். கம்பெனிகளோ எண்ணி மாளாது. வெள்ளை மணல், நீலக் கடல், வரி பூஜ்யம். வண்டி இப்படிச் சிக்கலில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்போது, 2015 செப்டம்பர் 12 அன்று லண்டனிலிருந்து ஒரு சேதி வருகிறது. லேபர் கட்சித் தலைவராக ஜெரமி கோர்பின் ஜெயித்துவிட்டார். பதிவான ஓட்டில் 59.5 சதவீதம். வயது 66. தாடி உண்டு, சைக்கிள் உண்டு. காய்கறித் தோட்டம் போடுகிறார், வீட்டில் ஜாம் காய்ச்சுகிறார், தெருவில் சாக்கடை மூடியைப் பார்த்தால் நின்று ரசிக்கிறார். உல்லாசப் படகில் விருந்து என்று அழைத்தால் வரமாட்டார். வந்தாலும் ஜாம் பாட்டிலோடு வருவார்.

இப்படியொரு மனிதர் பிரிட்டனின் எதிர்க்கட்சித் தலைவர் ஆனால் உங்கள் தீவு என்ன ஆகும், நீங்கள் என்ன செய்யவேண்டும்? ஏற்கெனவே பட்டுத் தெளிந்தவர்களின் அனுபவத்தை வைத்துச் சில யோசனைகள்.

ராஜா கதை ஒன்று கைவசம் இருக்கட்டும்

வரி ஏன் இல்லை என்று யாராவது கேட்டால், "பணக்காரர்கள் வரட்டும் என்றுதான்" என்று உண்மையைச் சொல்லக்கூடாது. கேமன் தீவுக்காரர்களைப் பாருங்கள். 1794 பிப்ரவரியில் ஒரு கப்பல் கூட்டம் அவர்களுடைய பவளப்பாறையில் மோதியது. போர்க்கப்பல் ஒன்றும் வணிகக் கப்பல்கள் ஒன்பதுமாகப் பத்து கப்பல் உடைந்தது. தீவு மக்கள் படகில் போய் மாலுமிகளைக் காப்பாற்றினார்கள். இதுவரை சரித்திரம். மீட்கப்பட்டவர்களில் ஓர் இளவரசரும் இருந்தார், மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனம் குளிர்ந்து "இனி உங்களுக்கு என்றைக்கும் வரி இல்லை" என்று வாக்குக் கொடுத்தார் என்பது கதை. இளவரசருக்கும் ஆதாரம் இல்லை, வாக்குக்கும் ஆதாரம் இல்லை. ஆனாலும் கதை இருநூறு வருஷம் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. வரிவிலக்குக்குத் தலபுராணமே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவிலுள்ள ஜெர்ஸித் தீவுக்காரர்கள் இன்னும் பழைய கை. அவர்கள் 1204-க்குப் போவார்கள். அந்த வருஷம் ஜான் மன்னர் நார்மண்டியை பிரான்சிடம் பறிகொடுத்தார். பக்கத்திலிருந்த இந்தத் தீவுகள் மட்டும் அவரோடு தங்கின. ஆகவே நாங்கள் காலனியும் இல்லை, பிரிட்டனில் ஒரு பகுதியும் இல்லை, மகுடத்துக்கு மட்டும் கட்டுப்பட்டவர்கள் என்பது அவர்கள் வாதம். எலிசபெத் ராணி இருந்த காலத்தில் விருந்துகளில் "எங்கள் டியூக்" என்று சொல்லித்தான் அவருக்காகக் கோப்பையை உயர்த்துவார்கள். எண்ணூறு வருஷத்து விசுவாசம். வரி என்று வரும்போது மட்டும் நடுவில் கடல் வந்துவிடும்.

பெயர்ப்பலகைகளை எண்ண விடாதீர்கள்

கேமனின் தலைநகர் ஜார்ஜ் டவுனில் அக்லண்ட் ஹவுஸ் என்று ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2008-ல் கணக்கெடுத்தபோது அந்த ஒரே முகவரியில் 18,857 கம்பெனிகள் பதிவாகியிருந்தன. இது உலகத்திலேயே பெரிய கட்டடமாக இருக்கவேண்டும், இல்லையென்றால் பெரிய வரி மோசடியாக இருக்கவேண்டும் என்று ஒபாமா மேடைக்கு மேடை கிண்டல் செய்தார். எண்ணிக்கை வெளியே வந்ததுதான் அங்கே நடந்த தவறு. நம்மூரில் லெட்டர்பேட் கட்சி என்று சொல்வோமே, அதேபோல லெட்டர்பேட் கம்பெனிக்கும் லெட்டர்பேட் போதும். கூட்டம் சேர்த்துக் காட்டக்கூடாது.

நமக்கும் கேமன் அந்நியமில்லை. நாய்க்குட்டி பின்னாலேயே ஓடிவரும் ஹட்ச் விளம்பரம் ஞாபகம் இருக்கும். அந்த ஹட்ச், 2007-ல் வோடபோன் கைக்கு மாறியபோது இந்தியாவில் எந்தப் பங்கும் கை மாறவில்லை. கேமனில் இருந்த ஒரு கம்பெனியின் ஒரே ஒரு பங்கு கை மாறியது. விலை சுமார் 1,100 கோடி டாலர். இந்தியாவுக்கு வரி உண்டா என்று ஐந்து வருஷம் வழக்கு நடந்து, 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இல்லை என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு முன்தேதியிட்டுச் சட்டம் போட்டது, 2021-ல் அதையே திரும்பப் பெற்றது எல்லாம் தனிக் கதை.

டைரக்டர் பதவிக்குப் பினாமி வைக்கும்போதும் கவனம் தேவை. ஆங்கிலக் கால்வாயில் சார்க் என்று ஒரு துளித் தீவு. கார் ஓடாது, டிராக்டரும் குதிரை வண்டியும்தான். அங்கே இருக்கிற சில நூறு பேர், 1990-களில் ஆயிரக்கணக்கான கம்பெனிகளுக்கு டைரக்டர்களாக இருந்தார்கள். எந்தக் கம்பெனி என்ன வியாபாரம் செய்கிறது என்று கேட்டிருந்தால் பாவம், அவர்களுக்கே தெரிந்திருக்காது. 1998-ல் லண்டன் ஒரு விசாரணை அறிக்கை வாங்கியதும் அந்தப் பிழைப்பில் மண் விழுந்தது. அப்போது ஆட்சியில் இருந்தது டோனி பிளேரின் லேபர் கட்சி. இடதுசாரி வாடைகூட இல்லாத லேபர். இதை மனதில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

"நேரடி ஆட்சி" என்ற வார்த்தை காதில் விழுந்தால்

2016 ஏப்ரல் 3. பனாமாவில் ஒரு வக்கீல் கம்பெனியிலிருந்து 1.15 கோடி ஆவணங்கள் வெளியே வந்து விழுந்தன. அந்தக் கம்பெனி பதிவு செய்து கொடுத்தவற்றில் பாதிக்கு மேல் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில். சுமார் முப்பதாயிரம் பேர் வாழும் இடத்தில் அன்றைக்கு ஏறக்குறைய நாலு லட்சம் கம்பெனிகள். பிரதமர் டேவிட் கேமரனின் அப்பா நடத்திய முதலீட்டு நிதியும் அந்த ஆவணங்களில் இருந்தது. அதன் காகிதங்களில் கையெழுத்துப் போட பஹாமாஸில் ஆள் பிடித்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பகுதிநேர பிஷப். கேமரன் சில நாள் மென்று விழுங்கிவிட்டு, தன்னிடமும் பங்கு இருந்ததையும் 2010 ஜனவரியில், பிரதமர் ஆவதற்கு நாலு மாதம் முன்பு, அதை விற்றதையும் ஒப்புக்கொண்டார்.

இந்தச் சந்தர்ப்பத்தில்தான் கோர்பின் வாய் திறந்தார். பிரிட்டனின் வரிச்சட்டத்துக்கு ஒத்துவராத தீவுகளில் நேரடி ஆட்சியை அரசு பரிசீலிக்கவேண்டும் என்றார். நம்மூர் அரசியல் சாசனத்தின் 356-வது பிரிவு மாதிரி: உள்ளூர் சட்டசபையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு கவர்னர் கையில் சாவி.

இந்த நேரத்தில் நீங்கள் செய்யவேண்டியது, புண்படுவது. நிதானமாக, கண்ணியமாக, டி.வி. காமிராவுக்கு முன்னால் புண்படவேண்டும். "காலனி ஆதிக்கம்" என்ற சொல்லை எடுத்து விடுங்கள். சுரண்டப்பட்டவன் சொல்லவேண்டிய சொல்லை ஹெட்ஜ் ஃபண்டின் வக்கீல் இரவல் வாங்கிச் சொல்லும்போது கேட்பவனுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், உங்களுக்கு இருக்கக்கூடாது. கரீபியன் தீவுகளில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தச் சொல்லை உண்மையான வலியோடு சொல்கிறார்கள் என்பதுதான் இதில் சங்கடம். தீவைக் கேட்காமல் தீவுக்கு லண்டன் சட்டம் போடுவது சரியா என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தின் நிழலில் நிற்பது யார் என்பதுதான் கேள்வி. அதை நீங்கள் கேட்காதீர்கள்.

சரி, நேரடி ஆட்சி உண்மையிலேயே வருமா? வந்திருக்கிறது. டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளில் லஞ்ச ஊழல் விசாரணைக்குப் பிறகு 2009 ஆகஸ்டில் சட்டசபையை நிறுத்தி வைத்து, 2012 நவம்பர் வரை கவர்னரே ஆண்டார். உத்தரவு போட்டது கார்டன் பிரவுனின் லேபர் அரசு. அதற்கும் முன்னால் 1969 மார்ச் 19-ல் அங்குவிலா. சின்னஞ்சிறு தீவு, பக்கத்துத் தீவான செயின்ட் கிட்ஸோடு சேர்ந்திருக்க மாட்டோம் என்று முறுக்கிக்கொண்டதற்காக ஹரால்ட் வில்சனின் லேபர் அரசு பாராசூட் படையை இறக்கியது, கூடவே லண்டன் போலீஸ்காரர்களையும். விடிவதற்கு முன்னால் கரையில் பளிச் பளிச்சென்று வெளிச்சம். துப்பாக்கி என்று பார்த்தால் பத்திரிகைக்காரர்களின் காமிரா. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தாங்கள் கேட்டதுபோலவே அங்குவிலாக்காரர்கள் பிரிட்டனோடு தங்கிவிட்டார்கள். இன்றைக்கு அந்தத் தீவின் இணைய முகவரி எழுத்துகள் 'ஏ.ஐ.' என்று அமைந்த அதிர்ஷ்டத்தில், செயற்கை நுண்ணறிவுக் கம்பெனிகளுக்கு முகவரி விற்றே அரசு வருமானத்தில் ஒரு பெரும்பங்கு வருகிறது. உங்கள் தீவுக்கு என்ன எழுத்து என்று ஒருதரம் பார்த்துவையுங்கள்.

ஆக, படை அனுப்பியவரும் கவர்னரைக் கொண்டு ஆண்டவரும் பிரதமர்கள். பேசியவர் எதிர்க்கட்சித் தலைவர். அவர் பேசிய ஒரு வாரத்துக்குள் தன் வருமான வரிக் கணக்கை வெளியிட்டார். கையால் எழுதியது. தாமதமாகத் தாக்கல் செய்ததற்கு 100 பவுண்டு அபராதமும் கட்டியிருந்தார்.

வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதுங்கள்

கோர்பின் உங்களுக்கு எதிரி என்று யார் சொன்னது? சம்பளம் வாங்காமல் உங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர் அவர். அவருடைய நிதித்துறைப் பேச்சாளர் ஜான் மக்டானல், 2015 நவம்பரில் நாடாளுமன்றத்தில் மாவோவின் சிவப்புப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். நிதியமைச்சரைக் கேலி செய்யத்தான். ஆனால் அந்தப் படம் ஒன்று போதும். "மேன்மைதங்கிய ஐயா, தங்கள் சொத்து எங்கே இருக்கிறது என்று யோசித்தீர்களா?" என்று கடிதம் எழுதி, அந்தப் படத்தை இணைத்து அனுப்புங்கள்.

2019 தேர்தல் நெருங்கியபோது லண்டன் ஆடிட்டர்களும் வக்கீல்களும் இராப்பகலாக வேலை பார்த்தார்கள். மின்சாரம், எரிவாயு, தண்ணீர், ரயில் எல்லாவற்றையும் தேசியமயமாக்குவோம் என்று லேபர் சொன்னதால் பெரிய கம்பெனிகளே கிளம்பின. நேஷனல் கிரிட், லக்ஸம்பர்க்கிலும் ஹாங்காங்கிலும் தாய்க் கம்பெனிகளை வைத்தது. எஸ்.எஸ்.இ. சுவிட்சர்லாந்துக்குப் போனது. நீங்கள் கவனித்திருப்பீர்கள், உங்கள் தீவுக்கு யாரும் வரவில்லை. அரசு பிடுங்கினால் சர்வதேச நடுவர் மன்றத்தில் நஷ்ட ஈடு கேட்க வழிசெய்யும் முதலீட்டு ஒப்பந்தம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. உங்களிடம் இருப்பது கடற்கரையும் மௌனமும். பிரிட்டிஷ் மகுடத்திடமிருந்து சொத்தைக் காப்பாற்ற நினைப்பவன் பிரிட்டிஷ் மகுடத்தின் கீழ் உள்ள தீவுக்கு எதற்கு வரப்போகிறான்?

உண்மையான ஆபத்து எந்தக் கதவு வழியாக வந்தது

இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

2017 ஜூன் 8 தேர்தலில் கோர்பின் தோற்றார். ஆனால் லேபருக்கு 40 சதவீத ஓட்டும் 262 இடமும் கிடைத்தது. தெரசா மே 317-ல் நின்றார், பெரும்பான்மை போய்விட்டது. தீவுகளில் அன்று இரவு ஷாம்பெயின் திறந்திருப்பார்கள். திறந்திருக்கக்கூடாது.

பெரும்பான்மை இல்லாத அரசில் பின்வரிசை எம்.பி. ஒவ்வொருவரும் குட்டி ராஜா. லேபரின் மார்கரெட் ஹாட்ஜும் கன்சர்வேடிவ் கட்சியின் ஆண்ட்ரூ மிட்செலும் கைகோத்தார்கள். ஹாட்ஜ், 2016-ல் கோர்பின் மீது சொந்தக் கட்சிக்குள்ளேயே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தவர். மிட்செல், லசார்ட் வங்கியில் வேலை பார்த்தவர். இந்த இரண்டு பேருக்கும் சிவப்புப் புத்தகத்துக்கும் சம்பந்தமே கிடையாது. தடைகள் மற்றும் கறுப்புப்பணத் தடுப்பு மசோதாவில் ஒரே ஒரு பிரிவைச் செருகினார்கள்: கடல் கடந்த பிரிட்டிஷ் பிரதேசங்கள், கம்பெனிகளின் உண்மையான உரிமையாளர் யார் என்ற பதிவேட்டை 2020 முடிவதற்குள் எல்லோரும் பார்க்கும்படி திறக்கவேண்டும், திறக்காவிட்டால் லண்டனே உத்தரவு போட்டுத் திறக்கும். ஆளுங்கட்சியிலேயே ஏறக்குறைய இருபது பேர் அவர்கள் பக்கம் போனார்கள். 2018 மே 1 அன்று, ஓட்டெடுப்புக்கு விட்டால் மானம் போகும் என்று அரசே பணிந்துவிட்டது.

மேடையில் முழங்கியவரால் ஒரு பதிவேட்டின் பூட்டைக்கூடத் தொட முடியவில்லை. அவர் தேர்தலில் பறித்த பெரும்பான்மையை வைத்து, அவருக்குப் பிடிக்காத ஓர் அம்மாளும் ஒரு முன்னாள் வங்கிக்காரரும் சாவி செய்துவிட்டார்கள். ஆகவே எதிர்க்கட்சித் தலைவரின் பேச்சைக் கேட்பதற்கு வைத்திருக்கும் ஆளை, ஆளுங்கட்சியின் பின்வரிசையை எண்ண அனுப்புங்கள்.

நாள் கடத்துவது எப்படி

பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் அந்த மே மாதமே மக்கள் ஊர்வலமாகப் போய் கவர்னரிடம் எதிர்ப்பைச் சொன்னார்கள். எட்டு மாதத்துக்கு முன்புதான் இர்மா புயல் தீவைத் துடைத்துப் போட்டிருந்தது. அரசு வருமானத்தில் பாதிக்கு மேல் இந்தக் கம்பெனிகள் கட்டும் கட்டணம். கூரையில்லாத வீட்டுக்காரனிடம் வெளிப்படைத்தன்மை பற்றிப் பேசினால் அவன் என்ன சொல்வான்? இந்தக் கோபத்தை நீங்கள் உற்பத்தி செய்யவேண்டியதே இல்லை. பயன்படுத்திக்கொண்டால் போதும்.

அடுத்தது தேதி. கேட்டவுடன் சரி என்று சொல்லி, தேதியைத் தூரத்தில் வையுங்கள். 2020 என்பது 2023 ஆனது. ஜெர்ஸி, கெர்ன்ஸி, மேன் தீவு மூன்றும் புத்திசாலிகள். 2019 மார்ச்சில் அதே ஹாட்ஜும் மிட்செலும் அவர்கள் பக்கம் திரும்பியபோது, அரசு அன்றைய மசோதாவையே சுருட்டிக்கொண்டு ஓடியது. ஜூன் மாதம் மூன்று தீவுகளும் தாங்களாகவே முன்வந்து, "2023 வாக்கில் திறக்கிறோம்" என்றன. 2022 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், பதிவேட்டை எல்லோருக்கும் திறந்துவிடுவது அந்தரங்க உரிமைக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியும், தீவுகளுக்கு ஐரோப்பிய நீதியின்மேல் திடீர் பக்தி வந்தது.

எதற்கும் மசியவில்லை என்றால் லண்டனைக் காட்டுங்கள். இந்த வாதம் கேட்க அழகாக இருப்பதற்குக் காரணம், பாதி உண்மை. அந்த ஆண்டுகளில் பிரிட்டனில் 12 பவுண்டு கட்டினால் இணையத்திலேயே கம்பெனி தொடங்கலாம். நீங்கள் யார் என்று அடையாளச் சான்றுகூடக் கேட்கமாட்டார்கள். இது எவ்வளவு அபத்தம் என்று காட்ட ஒருவர், அப்போதைய வணிகத்துறை அமைச்சர் வின்ஸ் கேபிளின் பெயரிலேயே ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, அவருக்கே கடிதமும் எழுதினார். பொய்த் தகவல் கொடுத்தார் என்று 2018-ல் தண்டனை கிடைத்தது, ஓட்டையைக் காட்டிய அந்த மனிதருக்கு.

உள்ளூர்க்காரன் கேட்டால்

இதற்குத் தயாரான பதில் கிடையாது, ஜாக்கிரதை. ஜெர்ஸியில் பெரும்பாலான கம்பெனிகளுக்கு வரி பூஜ்யம், நிதிக் கம்பெனிகளுக்கு 10 சதவீதம் என்று மாற்றியபோது கஜானாவில் பள்ளம் விழுந்தது. 2008-ல் ஜி.எஸ்.டி. வந்தது, 3 சதவீதம். 2011-ல் 5 ஆனது. ரொட்டி வாங்குகிறவன் அடைத்த பள்ளம். கேமனில் வருமான வரி இல்லை. ஆனால் தீவில் இறங்கும் சாமான்களில் பெரும்பாலானவற்றுக்கு 22 சதவீதம் சுங்கம். ஆயாவுக்கும் அதே விலை, ஹெட்ஜ் ஃபண்ட் முதலாளிக்கும் அதே விலை. எதிர்க்கட்சித் தலைவர் லண்டனிலிருந்துதான் வரவேண்டும் என்று விதியில்லை. ஜெர்ஸியிலேயே 2014-ல் ரிஃபார்ம் ஜெர்ஸி என்று ஓர் இடதுசாரிக் கட்சி முளைத்தது. 2022 தேர்தலில் 49 இடங்களில் 10 பிடித்தது. இவர்களுக்கு 1204 கதை சொல்ல முடியாது. அவர்களுக்கும் அது தெரியும்.

கடைசியாகச் சில தேதிகள்

2019 டிசம்பர் 12-ல் லேபர் 202 இடத்துக்குச் சரிந்தது. கோர்பின் விலகினார், தீவுகள் மூச்சு விட்டன. இரண்டே மாதத்தில், பிரிட்டன் வெளியேறிய கையோடு, ஐரோப்பிய ஒன்றியம் கேமனைக் கறுப்புப் பட்டியலில் போட்டது, அக்டோபரில் எடுத்துவிட்டது. 2021-ல் 136 நாடுகள் கூடி, பெரிய பன்னாட்டுக் கம்பெனிகளுக்குக் குறைந்தது 15 சதவீத வரி என்று ஒப்புக்கொண்டன. வரியே இல்லை என்று பெயர் வாங்கிய பெர்முடா, 2025 ஜனவரி முதல் அந்த 15 சதவீதத்தை வசூலிக்கிறது. இதில் எதற்கும் தாடி இல்லை.

பிரிட்டனின் கம்பெனி வரி 19 சதவீதமாக இருந்தபோது, அதை 26 ஆக்குவோம் என்று 2017 தேர்தல் அறிக்கையில் கோர்பின் எழுதினார். நாடு திவாலாகிவிடும் என்றார்கள். 2023 ஏப்ரலில் கன்சர்வேடிவ் அரசு அதை 25 ஆக்கியது. கோர்பின் லேபர் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டு, 2024-ல் சுயேச்சையாக நின்று தன் பழைய இஸ்லிங்டன் நார்த் தொகுதியில் ஜெயித்தார். பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளின் பதிவேடு 2023 முடிந்தபோதும் பொதுமக்களுக்குத் திறக்கவில்லை.